நான்காண்டு அரசின் தமிழ் அமைச்சர்

ஆயுள் குறைவு என்பதாலேயே ஓர் அரசை வரலாறு ஒதுக்கிவிடலாமா? கூடாது. 1918 மே 28இல் பிறந்த அஜர்பைஜான் குடியரசு 23 மாதங்களில் செம்படையிடம் வீழ்ந்தது. அதன் முதல் பிரதமர் பதாலி கான் கோய்ஸ்கி அதே 1920இல் திபிலிசியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனாலும், பெண்களுக்கு வாக்குரிமை தந்த அந்தக் குடியரசின் பிறந்தநாள் இன்றும் அங்கே தேசிய விழா.

நம்மிடமும் அப்படியொரு அரசு இருந்தது. 1915 டிசம்பர் 1இல் காபூலில் அறிவிக்கப்பட்ட இந்தியத் தற்காலிக அரசு. அதிபர் ராஜா மகேந்திர பிரதாப், பிரதமர் பரக்கத்துல்லா, வெளியுறவு அமைச்சர் நம் செண்பகராமன். திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பத்தில் 1891இல் பிறந்து, இளம் வயதிலேயே ஐரோப்பா சென்று, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அங்கே ஆதரவு திரட்டியவர். ஆப்கன் அமீர் கடைசிவரை வெளிப்படையாகக் கைகொடுக்கவில்லை. 1919இல் அந்த அரசு கலைந்தது. செண்பகராமன் 1934இல் பெர்லினில் இறந்தார். மனைவி லட்சுமிபாய் அவரது அஸ்தியை முப்பதாண்டுகளுக்கு மேல் காத்து வைத்திருந்து, 1966இல் ஐஎன்எஸ் டெல்லி கப்பலில் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார்.

டெல்லியில் 1947இல் ஏறிய கொடிக்குப் பின்னால் காபூலின் கனவும் உண்டு. சின்னசேலத்தில் படிக்கும் பிள்ளைக்கும், கல்வராயன் மலைக் கிராமத்திலிருந்து இறங்கிவந்து படிக்கும் பிள்ளைக்கும் அது தெரிய வேண்டும். வரும் டிசம்பர் 1 அன்று, நம் பள்ளிகளின் காலை வணக்கக் கூட்டத்தில் ஐந்தே நிமிடம் செண்பகராமனைப் பற்றிப் பேசுங்கள். தலைமையாசிரியர்கள் மனம் வைத்தால் போதும். அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.