கண் தலையணையும் கழற்றி வைத்த கண்ணாடியும்

கண் தலையணைக்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள், முதலில் உங்கள் விடுதி அறையில் எத்தனை பேர் அதை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள். எங்கள் கம்பைநல்லூர் மாதிரி ஒரு பேரூராட்சிக்கே கூரியரில் வந்து இறங்குகிறது என்றால் பார்த்துக் கொள்ளுங்களேன்.

தெரியாதவர்களுக்காக: உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளமான ஒரு துணிப்பை. உள்ளே ஆளி விதை, கூடவே வாசனைக்குக் காய்ந்த லாவண்டர் பூ. மல்லாந்து படுத்துக் கண்மேல் போட்டுக் கொள்ள வேண்டும். யோகா வகுப்பில் சவாசனத்தின்போது வெளிச்சத்தை மறைக்கப் பயன்படுத்துவார்கள். அவ்வளவுதான் சமாச்சாரம்.

இந்தப் பையோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. போட்டுக் கொண்டால் சுகமாகத்தான் இருக்கிறது. என் சண்டையெல்லாம் பையோடு சேர்த்து விற்கப்படும் பேச்சோடுதான். "தினமும் வைத்தால் பவர் இறங்கும், கண் அழுத்தம் குறையும், நரம்பு சாந்தமாகும், கண்ணாடியைத் தூக்கி எறியலாம்..." ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1) பவர் இறங்குமா?

இறங்காது. கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண் பந்து முன்பின்னாக நீண்டு போவதால் வருவது. 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே ஏறக்குறைய 2.5 முதல் 3 வரை பவர் வந்துவிடும். நீண்டு போன கண்ணை ஒரு விதைப்பை எப்படிச் சுருக்கும்? கண்ணுக்கு ஓய்வு கொடுத்தால் கண்ணாடி வேண்டாம் என்பது ஒன்றும் புதுச் சரக்கும் இல்லை. அமெரிக்காவில் வில்லியம் பேட்ஸ் என்ற கண் மருத்துவர் 1920-லேயே புத்தகம் போட்டுச் சொன்ன கதை. நூறு வருடம் ஓடிவிட்டது, கண் மருத்துவம் அதை ஏற்கவே இல்லை. விற்பவர்கள் மட்டும் விடுவதாக இல்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், எங்கள் பக்கத்தில் இது வெறும் ஏமாற்றுச் செலவோடு முடிவதில்லை. கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதும் பெண்கள் எங்கள் வகுப்பிலேயே உண்டு. "கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் யோசிப்பார்கள்" என்று வீட்டில் சொல்கிறார்கள். அந்த வீட்டுக்கு இந்தப் பை ஒரு நல்ல சாக்கு. "அதான் வாங்கிக் கொடுத்திருக்கோமே, தினமும் வை, சரியாயிடும்." சரியாகாது. அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடப் படிப்பு போகும், அவ்வளவுதான் நடக்கும். 1976-ல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதித்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்க வழி இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை வேண்டாம் என்றுவிட்டு, காசு கொடுத்துப் பை வாங்குகிறோம். என்ன கொடுமை இது!

2) கண் அழுத்தம் குறையுமா?

இது முதலாவதை விட மோசமான பொய். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். அது கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் போவதைத்தான் கிளாக்கோமா என்கிறோம். வலி தெரியாது, போன பார்வை திரும்பாது. வெளியிலிருந்து கண்ணை அழுத்தினால் உள்ளே அழுத்தம் கூடும். குறையாது. தண்ணீர் நிரம்பிய பலூனை அமுக்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஏற்கனவே கிளாக்கோமா இருப்பவரிடம் கண்மேல் எடை வைக்கச் சொல்வது மருத்துவம் இல்லை, துரோகம்.

கண்புரை அறுவை முடிந்து வீட்டுக்கு வரும் தாத்தாவுக்கு ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் மூடி ஒன்று கொடுத்து அனுப்புவார்களே, எதற்கு? தூக்கத்தில்கூடக் கண்மேல் கையோ தலையணையோ பட்டு அழுத்திவிடக் கூடாது என்பதற்குத்தான். அந்தத் தாத்தாவுக்குப் பாசத்தோடு இந்தப் பையைப் பரிசளிக்கும் பேரன் பேத்திகளே, கொஞ்சம் யோசியுங்கள். லேசர் சிகிச்சை செய்து கொண்டவர்களுக்கும் இதே கதைதான். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கண்மேல் எதுவும் வேண்டாம்.

3) நரம்பு சாந்தமாகுமா?

இதுதான் படித்தவர்களை ஏமாற்றும் வரி. "கண்மேல் மெல்லிய எடை விழுந்தால் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு குறையும்." இதில் பாதி உண்மை இருக்கிறது. கண் பந்தை அழுத்தினால் இதயத் துடிப்பு குறையும் என்பதை 1908-லேயே ஆஷ்னர், டாக்னினி என்ற இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக எழுதி வைத்தார்கள். ஆனால் மாறுகண் அறுவையின்போது மயக்க மருத்துவர்கள் பயந்து பயந்து கவனிப்பதும் இதே விஷயத்தைத்தான். துடிப்பு ரொம்பவும் குறைந்துவிட்டால் ஆபத்து.

ஆக விற்பவர்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும். அந்தப் பை நரம்பைத் தூண்டும் அளவுக்கு அழுத்துகிறது என்றால் அதைக் கண்மேல் வைக்கவே கூடாது. அழுத்தவில்லை என்றால் விளம்பரம் பொய். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. என் கணக்கு ரொம்ப எளிது: இருட்டு, லேசான குளிர்ச்சி, பத்து நிமிடம் கைப்பேசியைத் தொடாமல் படுத்திருப்பது. சுகம் இந்த மூன்றிலிருந்துதான் வருகிறது. கைப்பேசியைத் தொடாததுதான் அதில் பெரிய பங்கு என்று நான் சந்தேகப்படுகிறேன் :-)

"அப்போ நம்ம பாட்டி வைத்தியம்தான் சரி" என்று கிளம்பும் கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. மூடிய இமைமேல் நந்தியாவட்டைப் பூ, வெள்ளரித் துண்டு, ஈரத்துணி வைப்பதில் பெரிய கெடுதல் இல்லை, சுத்தமாக இருந்தால் சரி. ஆனால் கண்ணுக்குள் இலைச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடும் பழக்கத்தை இதோடு சேர்க்காதீர்கள். மதுரை மாவட்டத்தில் நடந்த ஆய்வு ஒன்று 1996-ல் வெளிவந்தது. அதன்படி அங்கே ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்து கொண்டிருந்தது. கதிர், வைக்கோல், தூசு பட்டுக் கீறும் கண்ணில் கண்டதையும் ஊற்றினால் புண் இன்னும் மோசமாகும். பாட்டி சொன்னதாலேயே ஒன்று சரியாகிவிடாது, கூரியரில் வந்ததாலேயும் ஆகிவிடாது.

சரி, குறை மட்டுமே சொன்னால் எப்படி? போட்டுக் கொள்ள ஆசைப்படுபவர்கள் இப்படிப் போட்டுக் கொள்ளுங்கள்.

* வாங்கவே வேண்டாம், தைத்துக் கொள்ளலாம். களி கிண்டும் கேழ்வரகு வீட்டில் இருக்கும். ஆளி விதை அளவுக்கு வழவழப்பு இல்லைதான், ஆனால் மணி சிறியது, எளிதில் பூச்சி பிடிக்காது. அரிசியில் வண்டு விழும், கொள்ளு பெரிதாக உறுத்தும், இலவம் பஞ்சில் எடையே இருக்காது. ஒரு நாள் வெயிலில் காயவைத்து, நன்றாகப் புடைத்துச் சலித்துப் போடுங்கள். தூசு கண்ணுக்கு ஆகாது.

* 200 கிராமுக்கு மேல் போகாதீர்கள். பையில் முக்கால் பாகம் மட்டும் நிரப்புங்கள். இறுக்கி நிரப்பினால் கல் மாதிரி விழிமேல் உட்காரும். தளர்வாக இருந்தால் எடை புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் பரவும்.

* பழைய வேட்டித் துணியில் மேலுறை தனியாகத் தைத்து வாரம் ஒரு முறை துவையுங்கள். உள்பையை நனைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும்.

* மல்லாந்து படுத்து 10, 15 நிமிடம் போதும். குப்புறப் படுத்தோ, நாடா கட்டி இறுக்கியோ, இரவு முழுக்கவோ வேண்டாம். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

* வாசனை எண்ணெயைக் கண்மேல் படும் துணியில் சொட்டு விடாதீர்கள். எரியும்.

* மைக்ரோவேவில் சூடாக்குவது வேண்டவே வேண்டாம். வெளியே வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே தானியம் கருகிக் கொண்டிருக்கலாம், தீப்பிடிக்கவும் செய்யும். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல்தான். சூடு வேண்டுமென்றால் வெந்நீரில் பிழிந்த துணி போதும்.

* ஒருவர் பையை இன்னொருவர் போடக் கூடாது. விடுதிவாசிகளே, உங்களுக்குத்தான்! 1918-ல் சென்னையில் பரவி "மெட்ராஸ் ஐ" என்று பெயர் வாங்கிய கண்வலி இன்றும் துண்டு, தலையணை வழியாகத்தான் அறை அறையாகப் போகிறது.

* கைக்குழந்தை முகத்தில் வைக்கவே கூடாது. மூச்சு முட்டும்.

விற்பவர்களுக்கு ஒரே கோரிக்கை: "கிளாக்கோமா உள்ளவர்களும் கண் அறுவை செய்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது" என்று பெட்டிமேல் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். "நிம்மதி", "ஆனந்தம்" என்று எழுத இடம் இருக்கும்போது இதற்கு இடம் இல்லாமலா போகும்?

வாங்குபவர்களுக்கு: தலைவலி என்றால் முதலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள். பவர் இருந்தால் கண்ணாடி போடுங்கள். பெண் பிள்ளையாக இருந்தால் இரண்டு மடங்கு அவசரமாகப் போடுங்கள். கண்ணாடிக்காக வேண்டாம் என்று சொல்லும் மாப்பிள்ளை தானாகவே விலகிப் போகட்டும், நல்லதுதான். அதற்குப் பிறகு சாயங்காலம் கேழ்வரகுப் பையைப் போட்டுக் கொண்டு தாராளமாகப் படுத்திருங்கள். நான் ஏன் தடுக்கப் போகிறேன்?

மாற்றுக் கருத்து இருக்கும் வகுப்புத் தோழர்கள் நாளைக் காலை பேருந்தில் சண்டைக்கு வரலாம். கண்ணாடி போட்டுக் கொண்டு வரவும்.