பாம்பின் ஆகாரமும் மனிதரின் அச்சமும்

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையில் ஆமத்தூரைச் சுற்றிக் கிடக்கும் கரிசல் காடுகள், கோடை முற்றியதும் பாளம்பாளமாக வெடித்து, கை நுழையும் அளவுக்குப் பிளவு விடுகின்றன. அந்தப் பிளவுகளில் முதலில் குடியேறுவது வயல் எலி. அதைத் தேடிப் பின்னால் வருவது பாம்பு. இந்த வரிசையை நாம் மனத்தில் கொள்வதில்லை. பாம்பைக் கண்டதும் கம்பைத் தேடுகிறோமே ஒழிய, அதை அழைத்து வந்த ஆகாரம் எது என்று ஒருநாளும் விசாரிப்பதில்லை. பாம்புக்கடியால் நேரும் மரணங்களை இப்பிரதேசத்தில் குறைக்க வேண்டுமானால், பாம்பின் பசியை அறிவதிலிருந்தே அந்த முயற்சி தொடங்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

விஷம் என்பது மனிதனைக் கொல்வதற்காக அமைந்த ஆயுதமன்று. கையும் காலும் நகமும் இல்லாத ஒரு ஜீவன், தன்னைவிட வேகமாக ஓடக்கூடியதும் திருப்பிக் கடிக்கக்கூடியதுமான இரையை அடக்குவதற்காகப் பெற்ற சாதனம் அது. உமிழ்நீரே காலப்போக்கில் அவ்வாறு உருமாறியிருக்கிறது. விழுங்க முடியாத மனிதன்மீது அதைச் செலவிடுவதால் பாம்புக்கு யாதொரு லாபமும் இல்லை. மிதிபட்டாலோ, வழி அடைபட்டாலோ, அச்சத்தினால்தான் அது நம்மைக் கடிக்கிறது.

கண்ணாடி விரியன் வேட்டையாடும் விதம் கூர்ந்து கவனிக்கத் தக்கது. எலி நடமாடும் தடத்தருகே சருகோடு சருகாகச் சுருண்டு, மணிக்கணக்கில் அசைவற்றுக் காத்திருக்கும் அது, இரை எட்டும் தூரத்துக்கு வந்த க்ஷணத்தில் பாய்ந்து கடித்து, அடுத்த க்ஷணமே விட்டும்விடுகிறது. பிடித்துக்கொண்டிருந்தால் எலியின் கூரிய பற்கள் அதன் முகத்தைக் காயப்படுத்திவிடும். கடிபட்ட எலி சற்று தூரம் ஓடி விழுகிறது. விரியனோ அவசரப்படாமல், பிளந்த நாக்கை நீட்டி நீட்டி உள்ளிழுத்து, நாக்கு கொணரும் வாசனையை மேலண்ணத்திலுள்ள ஒரு நுண்ணிய உறுப்பினால் பகுத்தறிந்து, தான் கடித்த எலியின் தடத்தைப் பற்றிச் செல்கிறது. கண்டடைந்ததும் பெரும்பாலும் தலைப்பக்கமாகவே விழுங்கத் தொடங்குகிறது. அப்போதுதான் எலியின் கால்களும் மயிரும் தடையின்றிப் படிந்து கொடுக்கும். கீழ்த்தாடையின் இரு பாதிகளும் எலும்பால் ஒட்டாமல், விரிந்து கொடுக்கும் தசைநாரால் இணைந்திருப்பதால், தன் தலையைவிடப் பெரிய இரையையும் அது உட்கொள்ள முடிகிறது. இரைக்குள் செலுத்தப்பட்ட விஷம் ஜீரண வேலைக்கும் உதவக்கூடும் என்று சிலர் கருதுகிறார்கள்.

நல்ல பாம்பின் சுபாவம் வேறு. அது இரையைத் தேடி அலைந்து, எலி வளைக்குள்ளேயே நுழைந்துவிடும்; தவளை, தேரை, பறவைகளின் முட்டை, பிற பாம்புகள் ஆகியவையும் அதற்கு ஆகாரம். புற்றில் பக்தியோடு வார்க்கும் பாலோ அதன் இயற்கை ஆகாரமே அன்று. கட்டுவிரியன் இரவில் மட்டுமே உலாவி, முக்கியமாகப் பிற பாம்புகளைத் தின்று வாழ்வது. பல்லியையும் எலியையும்கூட அது விடுவதில்லை. சுருட்டை விரியனோ தேள், பூரான், பூச்சிகள், சிறு தவளை, பல்லி இவற்றால் வயிறு வளர்க்கும்.

நாம் கடிபடும் விதமும் இந்த ஆகார பேதத்திலேயே அடங்கியிருக்கிறது. பயிருக்குள் எலிக்காகக் காத்திருக்கும் கண்ணாடி விரியனைக் களையெடுப்பவரின் கையும், விடியுமுன் வரப்பில் நடப்பவரின் காலும் தீண்டுகின்றன. இரை தேடி வீட்டுக்குள் புகும் கட்டுவிரியனின்மேல் தரையில் படுத்துறங்குபவர் அறியாமல் புரண்டுவிடுகிறார். அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லையாதலால், விபரீதம் தெரியும்போது சுவாசமே தடுமாறத் தொடங்கியிருக்கும். கல்லையும் விறகையும் புரட்டும் கை, தேளைத் தேடி வந்த சுருட்டையைச் சந்திக்கிறது.

ஆகவே பரிகாரமும் தெளிவானதே. வீட்டைச் சுற்றி எலிக்கு இடம் கொடாதிருத்தல் முதற் கடமை. தானியத்தை மூடி வைப்பதும், விறகையும் கல்லையும் சுவரோடு சேர்த்துக் குவியாதிருப்பதும், பருப்புக் கிட்டங்கிகளின் வளைகளை அடைப்பதும் இதில் அடங்கும். பட்டாசு ஆலைகளில் மதியச் சாப்பாட்டின் மிச்சத்தை வேலியோரம் கொட்டினால் எலி சேரும். எலி சேர்ந்தால் பாம்பும் வரும். வெடிமருந்து புழங்கும் இடத்தில் புதருக்குத் தீ வைத்தல் ஆகாதாகையால், சீமைக்கருவேலத்தையும் காய்ந்த புல்லையும் உரிய காலத்தில் வெட்டி அகற்றுவது முதலாளிகளின் பொறுப்பு. உறங்குவதற்குக் கட்டிலும் கொசுவலையும், இருட்டில் நடக்க டார்ச் விளக்கும், காட்டு வேலைக்கு முழங்கால் எட்டும் பூட்ஸும் ஆடம்பரமல்ல. காட்டிலுள்ள பாம்பை அதன்போக்கில் விட்டுவிட வேண்டும். அங்கே அது தின்னும் ஒவ்வோர் எலியும் மக்காச்சோளத்துக்கும் உளுந்துக்கும் வந்த சத்துரு.

2020இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டின்படி, இந்நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டிருக்கிறார்கள். தமிழக அரசு 2024இல் பாம்புக்கடியைக் கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது மிக நல்ல காரியம். மேற்கூறிய நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் ஒரே முறிமருந்து உண்டு. 1978இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் வடநெம்மேலியில் எடுத்துத் தரும் விஷமே அம்மருந்துக்கு நெடுங்காலமாக ஆதாரமாக இருந்து வருகிறது. வேரும் மந்திரமும் அதற்கு ஈடாகா. கடிவாயைக் கீறுவதும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் தீங்கையே விளைவிக்கும். கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே உயிர் காக்கும் வழி.

எலி ஒழிப்பை ஊராட்சியும் வேளாண் துறையும் கோடைதோறும் செய்ய வேண்டிய பொதுப்பணியாக ஏற்க வேண்டும். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முறிமருந்து குறைவின்றி இருக்க வேண்டும். பட்டாசுத் தொழிலாளருக்கும் விவசாயக் கூலிகளுக்கும் பாம்புகளின் பழக்கத்தை அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே விளக்கிச் சொல்ல வேண்டும். உழைத்துப் பிழைக்கும் ஏழைகளே பெரும்பாலும் இந்தக் கடிக்கு ஆளாகிறார்கள் என்பதால்தான் இவ்விஷயம் இத்தனை காலம் அலட்சியப்படுத்தப்பட்டது. அந்த அலட்சியம் இனியும் நீடிப்பது அநீதி.