முதலாளி எங்கே உட்காருவது?

நம் ஊரில் 'எக்ஸிக்யூட்டிவ்' கார் வாங்குகிறவர் பெரும்பாலும் பின்சீட்டுக்காரர். 2001இல் இந்தியாவுக்கு வந்த முதல் ஸ்கோடா ஆக்டேவியாவை வடிவமைத்தவர்களிடம் இதை யாரும் சொல்லவில்லை போலும். நெடுந்தூரப் பயணத்தில் அதன் முழுச் சுகமும் ஓட்டுபவருக்குத்தான்.

1.9 லிட்டர் டர்போ டீசல் எஞ்சினுக்கு 90 குதிரைசக்தி என்பது காகிதத்தில் சாதாரணம். ஆனால் நிமிடத்துக்கு 1,900 சுற்றிலேயே முழு இழுவிசையும் கிடைத்துவிடுவதால், லாரியை முந்த ஒவ்வொரு முறையும் கியரோடு மல்லுக்கட்ட வேண்டாம். நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு இதன் அருமை தெரியும். 528 லிட்டர் டிக்கி ஒரு குடும்பத்தின் கல்யாணப் பெட்டிகளை விழுங்கிவிடும்.

பின்சீட்டில்தான் தகராறு. முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.51 மீட்டர்தான், உயரமானவரின் முழங்கால் முன்சீட்டில் இடிக்கும். கான்டெஸாவின் 2.67 மீட்டரில் காலை நீட்டிப் பழகியவருக்கு இது தண்டனை.

இன்று பழைய ஆக்டேவியாவைத் தேடுகிறவர்கள் பெயின்ட்டின் பளபளப்பில் மயங்காமல், டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேட்கட்டும். ஓட்டத்தில் அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே நாசம். ரசீது இல்லையென்றால், புது பெல்ட் போட்ட பிறகே நெடுஞ்சாலை.