கைதட்டிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது

இரண்டு வயதாகியும் குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்று எங்களை நாடி வரும் பெற்றோரிடம், செவித்திறன் சோதிக்கப்பட்டதா என்று கேட்கிறோம். “குக்கர் விசில் அடித்தால் திரும்பிப் பார்க்கிறான் டாக்டர், காது நன்றாகக் கேட்கிறது” என்பதே பெரும்பாலும் விடை. “இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினான்” என்று பாட்டி ஆறுதல் கூறுவார். அந்த ஆறுதலில் அன்பு உண்டு. ஆயினும் அதனால் கழியும் மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

குக்கரின் ஒலி மிக உரத்தது. மிதமான செவிக்குறைபாடு உள்ள குழந்தைக்கு அது கேட்கும். தாயின் பேச்சில் உள்ள மெல்லிய ஒலிகள் கேளாமற்போகலாம். பின்னால் நின்று கைதட்டினாலும், நிழலையோ அசைவையோ உணர்ந்து குழந்தை திரும்பிவிடும். செவிகேளாக் குழந்தையும் முதல் சில மாதங்களில் பிற குழந்தைகளைப் போலவே குரலெழுப்பி விளையாடும். எனவே வீட்டில் பார்த்து முடிவு செய்ய இயலாது. நாவில் வசம்பு தடவுவதாலும் பயனில்லை. இக்குழந்தைகளுக்குக் குறை நாவில் இல்லை.

பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை நிரந்தரச் செவிக்குறைபாட்டுடன் பிறப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அதைக் கண்டறியும் ஓ.ஏ.இ. பரிசோதனை எளியது. உறங்கும் குழந்தையின் காதில் சிறு கருவியைப் பொருத்தி, உட்செவி எழுப்பும் நுண்ணொலியைப் பதிவு செய்வர். ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

முதல் முறை தேறாவிட்டால் குழந்தை செவிடு என்று பொருளன்று. காதுக்குள் தங்கிய நீர்மமும் காரணமாகலாம். ஆனால் மறுபரிசோதனைக்கு வராமல் இருந்துவிடுவது ஆபத்து. தேவைப்பட்டால், செவி நரம்பின் செயற்பாட்டை அறியும் பெரா பரிசோதனை செய்யப்படும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கும், மஞ்சள் காமாலை கடுமையாக இருந்த குழந்தைகளுக்கும் ஓ.ஏ.இ. மட்டும் போதாது, தொடக்கத்திலேயே பெராவும் வேண்டும். பிறந்தபோது தேறிய குழந்தைக்கும் மூளைக்காய்ச்சல் வந்தாலோ, பேச்சு தாமதித்தாலோ மீண்டும் சோதிக்க வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல். மொழியைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் மூளைக்கு முதல் ஆண்டுகளில்தான் மிகுதி என்பதே காரணம். காது கேட்கும் கருவியைச் சில மாதக் குழந்தைக்கும் பொருத்தலாம்.

நம் நகரில் இதற்கு வழிகள் உள்ளன. அடையாறில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா, செவிகேளாக் குழந்தைகளை மிக இளவயதிலேயே சேர்த்து, தாயையும் உடன் அமர்த்திப் பேச்சு பயிற்றுவிக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்தின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, கருவிகளால் பயனில்லாத நிலையில், காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு உதவி கிடைக்கிறது. “ஆறு வயது வரை காலம் இருக்கிறதே” என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். அந்த வயது திட்டத்தின் எல்லை மட்டுமே. ஐந்து வயதில் கருவி பெறும் குழந்தை, ஒரு வயதில் பெற்ற குழந்தையளவு எளிதில் பேசக் கற்பதில்லை.

ஆகவே, மகப்பேறு முடிந்து வீடு திரும்புமுன் குழந்தையின் மருத்துவக் குறிப்பில் செவித்திறன் சோதனையின் முடிவு எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் தயங்காமல் கேளுங்கள். தடுப்பூசிக்கு நாள் குறிப்பதைப் போல இதற்கும் நாள் குறியுங்கள்.