அறிகுறியை அல்ல, நாட்களை எண்ணுங்கள்

"டொக்டர், இன்னொரு விடயம்..."

தடிமன், நாரிநோ என்று அஜக்சில் உள்ள எனது கிளினிக்குக்கு வரும் சிலர், எழுந்து கதவுப் பிடியில் கை வைத்த பின்னர்தான் வந்த காரணத்தைச் சொல்வார்கள். மூன்று வாரங்களுக்கு முன் பாதுகாப்பில்லாத உடலுறவு. இப்போது காய்ச்சல், தொண்டை நோ. "இது எயிட்ஸோ?"

அறிகுறியை மட்டும் வைத்து எந்த வைத்தியராலும் பதில் சொல்ல முடியாது. எச்.ஐ.வி. கிருமி தொற்றிய பலருக்கு 2 முதல் 4 வாரங்களில் காய்ச்சல், தொண்டை நோ, கழுத்தில் நெறி கட்டுதல், தோலில் தடிப்பு என்பன வரலாம். சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் இவை வரும். சிலருக்கு ஒன்றுமே வராது. ஆகவே கண்ணாடியில் நாக்கைப் பார்த்து நித்திரையைக் கெடுக்காதீர்கள். பார்க்க வேண்டியது கலண்டரை.

72 மணித்தியாலங்கள் கடக்கவில்லை என்றால் உடனே வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தேவையெனக் கண்டால் தொற்றைத் தடுக்க 28 நாட்களுக்கு மருந்து தருவார்கள். முந்தினால் பலன் அதிகம்.

அந்த நேரம் கடந்திருந்தால் குருதிப் பரிசோதனைதான் வழி. காய்ச்சல் இருந்தால் இப்போதே ஒன்று செய்யுங்கள். ஆனால் ஆரம்ப நாட்களில் கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரக்கூடும். ஆறாவது வாரத்தில் பெரும்பாலான தொற்றுக்கள் தெரிந்துவிடும். 3 மாதத்திலும் 'இல்லை' என்றால் அந்தக் கவலையை விடலாம். அதுவரை ஆணுறை பாவியுங்கள், இரத்ததானம் செய்யாதீர்கள்.

"வெளியில் தெரிந்துவிடுமே?" என்னைக் கோயிலிலும் கலியாண மண்டபத்திலும் காண்பவர்களுக்கு இந்தப் பயம் நியாயமானதே. ஆனால் பரிசோதனைக்கு வந்ததை ஊருக்கோ உறவுக்கோ சொல்ல வைத்தியருக்கு உரிமையில்லை. பெயரும் சுகாதார அட்டையும் கேட்காமல் பரிசோதிக்கும் நிலையங்களும் ஒன்ராறியோவில் உண்டு. தொற்று உறுதியானால் துணைவருக்கு அறிவிக்க வேண்டும். அதற்கும் பொதுச் சுகாதாரத் தாதியின் உதவி கிடைக்கும்.

ரொறன்ரோவில் தமிழ் பேசும் தம்பதியர் எயிட்ஸ் நோயால், தம் மொழியில் உதவி கிடைக்காமலே இறந்தார்கள். அதன் பின்னர்தான் 1989 இல் 'ஆசாப்' என்னும் தெற்காசிய எயிட்ஸ் தடுப்பு அமைப்பு உருவானது. அகதியாக வந்து மொழி தெரியாமல் தடுமாறிய எனக்கு அந்த மரணங்கள் இன்றும் மனதை வருத்துகின்றன. இன்று தமிழில் பேச வைத்தியர்கள் இருக்கிறோம். ஆனால் வெட்கமும் ஊர்க்கதையும் அதே தனிமையை மீண்டும் உண்டாக்குகின்றன என்பதே என் கருத்து.

இன்றைய மருந்தை ஒழுங்காக எடுத்தால் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழலாம். குருதியில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவு மூலம் துணைவருக்கும் தொற்றாது. பிந்துவதுதான் ஆபத்து.

அடுத்த முறை கதவுப் பிடிவரை போக வேண்டாம். கதிரையில் இருந்தவுடனேயே கேளுங்கள்.