பதகளிப்பு

அச்சம் நான்கு இடங்களிற் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. வருத்துகின்ற தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என்பன அவை. நான்கும் புறத்தேயிருந்து வருவன. அஞ்சுபவன் வேண்டி அழைத்தவை அல்ல. காசு கொடுத்து, நாட் குறித்து, வரிசையில் நின்று அச்சத்தை வாங்குபவனை அவர் காணவில்லை. நாம் காண்கின்றோம்.

தடையோட்டம் என்று நம் பாடசாலைகளில் நடத்துவது சாக்கிலும் ஏணியிலும் முடிந்துவிடும். மேனாடுகளிற் பெருகியிருப்பது வேறு. இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ரன் நகருக்கு அண்மையிலுள்ள பேர்ட்டன் என்னும் ஊரில், முன்னாட் படைவீரரான பில்லி வில்சன் 1987இல் 'ரஃப் கை' என்ற போட்டியைத் தொடங்கினார். சனவரிக் குளிரில், உறைநிலையை அண்மிய நீரில் மூழ்கி எழுந்து, சேற்றில் ஊர்ந்து, மின் பாயும் கம்பிகளுக்கிடையே புகுந்து ஓட வேண்டியிருந்தது. ஓடியோர் முன்னதாகவே ஒப்பமிட்ட பத்திரத்திற்கு 'மரண ஆணை' என்று பெயர். 2010இல் ஐக்கிய அமெரிக்காவில் 'ஸ்பார்ட்டன்', 'ரஃப் மடர்' என்னும் இரண்டும் தோன்றின. ஸ்பார்ட்டனின் நீண்ட ஓட்டமொன்று 21 கிலோமீற்றர், தடைகள் 30. ரஃப் மடரிலோ, தொடங்கும் இடத்தை அடைவதற்கே ஒரு சுவரேற வேண்டும்.

சுவரேறியவர்கள் அங்கே கூடி நின்று உறுதிமொழி கூறுவர். முணுமுணுத்தல் சிறுபிள்ளைகளின் செயல், யாம் அது செய்யோம் என்பது அதில் ஒன்று. முப்பது ஆண்டுகள் சிறுபிள்ளைகளோடு பழகிய எனக்கு இஃது ஒப்பவில்லை. முணுமுணுப்பில் ஆசிரியர் அறையை விஞ்சிய வகுப்பறை எதனையும் யான் கண்டதில்லை. எல்லா அச்சத்தையும் வெல்வோம் என்பது இன்னொன்று. இதனோடுதான் எனக்குப் பிணக்கு.

என்னிடம் பயின்று இலண்டனிற் குடியேறிய ஒருவர், இத்தகைய ஓட்டமொன்றின் முதனாள் இரவு எனக்கு எழுதினார். "ஐயா, சப்பாத்து நாடாவை ஆறு தரம் கட்டி அவிழ்த்துவிட்டேன். பனிக்கட்டித் தொட்டியை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. கண்ணயர்ந்தால் கயிற்றிலிருந்து விழுவதாகக் கனவு. ஆனால், நாளைக்கு ஓட்டம் இல்லையென்று யாரேனும் சொன்னால் அழுதுவிடுவேன்."

கடைசி வாக்கியத்தை யான் இருமுறை படித்தேன். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுக்குப் புறம்பாக வேறு முப்பத்திரண்டையும் எண்ணுகின்றார். கனவு, விரைவு, உயிர்ப்பு, வியர்த்தல், நடுக்கு என்பன அவற்றுட் சில. அவ்விரவில் இவை அத்தனையும் அம்மாணவரிடம் குடிகொண்டிருந்திருக்கும். ஆயின் அவர் உற்றது அச்சமா, உவகையா? அச்சமெனின் அழுவானேன்? உவகையெனின் வயிறு கலங்குவானேன்?

இதற்கு நம்மவர் பேச்சில் ஒரு சொல் உண்டு. பதகளிப்பு. பதற்றமும் விரைவும் ஒன்றையொன்று விடாது பற்றி நிற்கும் நிலை அது. கலியாண வீட்டில் மாப்பிள்ளை வரும் நேரத்திற் பெண்ணின் தாய் படுவது பதகளிப்பு. பெறுபேறு வெளியாகும் நாளிற் பிள்ளை படுவதும் அதுவே. அச்சத்தை வெல்லலாம், பதகளிப்பை வெல்வதெங்ஙனம்? அதில் ஒரு பாதி நம் விருப்பமன்றோ! பண்டிதர் கொச்சைச் சொல்லுக்குப் பரிந்து பேசுவதோ என்று நண்பர் சிலர் முகஞ் சுளிப்பர். சுளிக்கட்டும்.

உடலறிவியலும் இப்பேச்சு வழக்கின் பக்கமே நிற்கின்றது. நெஞ்சு அடித்தலும் கை வியர்த்தலும் அச்சத்திற்கும் ஆர்வத்திற்கும் பொது. அட்ரினலின் இரண்டிலும் குருதியிற் கலக்கின்றது. ஹாவார்ட் பல்கலைக்கழகத்து அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப்பேச்சிற்கும் கணிதச் சோதனைக்கும் முன்னர் 'அமைதியாயிருப்பேன்' என்று முயன்றோரினும், 'ஆர்வமாயிருக்கிறேன்' என்று தமக்குத் தாமே சொன்னோர் நன்கு செய்தனர். சோதனை மண்டப வாயிலில் நின்று "பயப்படாதே, பயப்படாதே" என்று ஓதும் ஆசிரியப் பெருமக்கள் இதனைச் சிந்திப்பார்களாக. படபடப்பை அணைக்க முயலாது, அதற்குச் சரியான பெயரிட்டுக் கொடுத்தாற் போதும்.

உண்டு கொழுத்தவரின் வேடிக்கை இது என்று ஒதுக்குவோர் உளர். 2028இல் லொஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் விழாவின் நவீன ஐந்நிகழ்ச்சிப் போட்டியிற் குதிரையேற்றத்தின் இடத்தைத் தடையோட்டம் பெறவிருக்கின்றது. ஆதலால் ஒதுக்கினும் அது போகாது. ஆனால் வேறொரு மறுப்பு உண்டு. அதனை யான் எளிதிற் கடக்க மாட்டேன். 2009இல் நந்திக்கடல் நீரேரியைப் பிள்ளைகளைத் தோளிற் சுமந்து கடந்தவர்கள் நம்மிடையே வாழ்கின்றனர். சேறும் நீரும் முட்கம்பியும் அவர்களுக்கு விளையாட்டுப் பொருள்களல்ல. அவர்கள் முகத்திற்கு நேரே இவ்வோட்டத்தைப் புகழ என் நா எழாது. இரண்டிடத்தும் சேறு ஒன்றே. அங்கே திரும்பிப் போக வழியில்லை; இங்கே உண்டு. ரஃப் மடரில் ஒரு தடையை வேண்டாமென்று சுற்றிப் போகலாம், எவரும் தண்டியார். திரும்பலாம் என்றிருந்தும் திரும்பாது நிற்பதுதான் ஓடுபவனின் அச்சத்தைப் பெருமிதத்தின்பாற் சேர்க்கின்றது. தறுகண்மையைப் பெருமிதத்தின் நிலைக்களன்களுள் ஒன்றாக வைத்தவரும் தொல்காப்பியரே.

ஆகவே அச்சத்தை விற்பவர்க்குக் கடமை பெரிது. மேற்கு வேர்ஜீனியாவில் 2013 ஏப்ரலில் நடந்த இத்தகைய நிகழ்ச்சியொன்றில், உயர்மேடையிலிருந்து சேற்று நீரிற் குதித்த இளைஞர் ஒருவர் மூழ்கினார். பின்னர் உயிர் துறந்தார். ஓடுபவன் தன் நடுக்கத்தைத் தான் சுமப்பான். நீரின் ஆழத்தையும், குதிப்போரின் எண்ணிக்கையையும், மீட்போரின் கண்ணையும் அவன் சுமக்க இயலாது. 'மரண ஆணை' என்று பத்திரத்திற்குப் பெயரிடுவது நகைச்சுவையாய் இருக்கலாம். ஒப்பம் வாங்கியவரின் பொறுப்பை அந்நகை குறைத்துவிடாது.

நம் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளிலும் தடையோட்டம் உண்டென்றேன். தொடக்கக் கோட்டில் நிற்கும் சிறுமி ஒருத்தி சட்டை நுனியைத் திருகிக்கொண்டு, தன் இல்லக் கொடியைப் பார்ப்பதும் சாக்கைப் பார்ப்பதுமாய் நிற்பாள். ஒலிபெருக்கியை ஏந்தியவர் உடனே, "அங்கே ஒருவர் நடுங்குகிறார்" என்று அறிவித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். ஆண்டுதோறும் கேட்கின்றேன். விளையாட்டுக் குழுவினர் வருகின்ற ஆண்டில் அவ்வறிவிப்பாளருக்கு வேறு பணி தேடிக் கொடுத்தல் வேண்டும். பரிசு மேசையில் ஆள் குறைவு.