பிள்ளைக்குப் பொறுப்பில்லையா, பென்சிலுக்கு இடமில்லையா?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆரம்பப் பிரிவில் பிள்ளை படிக்கும் உம்மா, வாப்பாமாரும் எங்களைப் போன்ற டீச்சர், சேர்மாரும் கடைசிவரை வாசியுங்கள்.

"டீச்சர், எண்ட பென்சிலக் காணல்ல."

தரம் 1, 2 படிப்பிக்கும் எங்களுக்கு இந்தச் சத்தம் கேட்காத நாளில்லை. அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான். "ஆரு எடுத்த?" என்று கேட்போம். பேக்குகளைக் கொட்டச் சொல்வோம். ஒரு பிள்ளையின் பேக்குக்குள் அந்தப் பென்சில் இருக்கும். நிலத்தில் கிடந்ததைத் தன்னுடையது என்று நினைத்து எடுத்திருக்கும். ஆனால் அன்றிலிருந்து வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு "கள்ளன்" என்று பெயர். ஆறு வயதில்! அடுத்த நாள் வயிற்று வலி என்று பாடசாலைக்கு வராது. அந்தப் பெயருக்கு வழி செய்தது நாங்கள்தான். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறோம்.

கையில் தந்த பொருள் அமானிதம் என்று இஸ்லாம் பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். அடுத்த பாடத்தில் பேக்கைக் கொட்டச் சொல்கிறோம்.

பொறுப்பில்லாத பிள்ளை என்று ஏசுகிறோமே, பொறுப்பாக வைக்க எங்கே இடம் கொடுத்தோம்? வகுப்பில் இருப்பது ஒரு இரும்பு அலுமாரி. அதன் திறப்பு எங்கள் கைப்பைக்குள். வீட்டில் நேரசூசி பார்த்துப் பேக் அடுக்குவது உம்மா. ஒருநாளும் தானாக எடுத்து, தானாக வைத்துப் பழகாத பிள்ளைக்குப் பொறுப்பு எங்கிருந்து வரும்?

நமது கடற்கரையில் கரைவலை இழுத்து முடிந்ததும் பாருங்கள். வலையை உதறி ஒழுங்காக அடுக்கித்தான் வீட்டுக்குப் போவார்கள். புதிதாக வந்த பொடியனுக்கு அதைப் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுப்பார்கள். ஏசினால் வலை அடுக்குப்படாது என்று அவர்களுக்குத் தெரியும்.

மரியா மொன்டிசோரி 1907 இல் ரோம் நகரின் ஏழைப் பகுதி ஒன்றில் சிறுவர் இல்லம் தொடங்கினார். பிள்ளையின் கைக்கு எட்டும் பதிவான றாக்கை, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம், எடுத்த பிள்ளையே திருப்பி வைக்க வேண்டும். அவருடைய முறையில் இதுவே ஒரு பாடம். 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். இன்று நமது ஊர்களில் பாலர் பாடசாலைப் பெயர்ப்பலகைகளில் அவருடைய பெயர் இருக்கிறது. பெயரை எடுத்துக்கொண்டோம், றாக்கையை விட்டுவிட்டோம்.

பொருள் கொடுப்பதில் குறையில்லை. 1980 இல் இலவசப் பாடநூல் வந்தது, 1993 இல் இலவசச் சீருடை வந்தது. 2025 ஆம் ஆண்டுக்காக அஸ்வெசும குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கொப்பி, பென்சில் வாங்க 6,000 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. நமது சங்கங்களும் கழகங்களும் வருடம் பிறந்தால் கொப்பி கொடுத்துப் படம் போடுகின்றன. நல்ல விடயம். ஆனால் இரண்டாம் தவணையில் அந்தப் பொருட்கள் எங்கே என்று யாராவது வந்து பார்த்ததுண்டா? அடுத்த வருடம் ஒரு வகுப்புக்கு ஒரு பதிவான றாக்கை செய்து கொடுங்கள். கொப்பி ஒரு வருடத்துக்கு, றாக்கை பத்து வருடத்துக்கு.

அதுவரைக்கும் சும்மா இருக்கத் தேவையில்லை. கழுவிய ஐஸ்கிரீம் டப்பாக்கள் போதும். பென்சிலுக்கு ஒன்று, அழிறப்பருக்கு ஒன்று, கத்தரிக்கோலுக்கு ஒன்று. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்காக வெளியே படம் ஒட்டுங்கள். கீழே கிடந்ததைப் போட இன்னொரு டப்பா வையுங்கள், "ஆரு எடுத்த?" என்ற கேள்விக்கே வேலையிருக்காது. மணி அடிக்க ஐந்து நிமிடம் முன் எல்லாரும் எடுத்து வைக்கட்டும்.

"பாடம் முடிக்கவே நேரமில்லை, இதுக்கு எங்க நேரம்?" என்பார்கள். பென்சில் தேடி, அழுகை அமர்த்திப் போகும் நேரத்தை யார் கணக்கில் போடுவது?

உம்மாமாரே, இன்றிரவு பேக்கைப் பிள்ளையே அடுக்கட்டும். பக்கத்தில் இருங்கள், கை வைக்காதீர்கள். ஒரு கொப்பி விடுபட்டால் விடுபடட்டும். நாளைக்கு அந்தப் பிள்ளையை ஏசாமல் இருப்பது எங்கள் பொறுப்பு.